மூளைக்கென்று செய்த ஊசிகள்

மூளையின் ஓர் உயிரணு தனித்து எழுப்பும் மின்துடிப்பை அறிய வேண்டுமானால், அக்கம்பக்கத்து அணுக்களை நசுக்காமல் அதனருகே செல்லவல்ல ஊசி வேண்டும். ஆகவே மூளையின் மின்துடிப்பை ஆராயும் துறையின் சரித்திரம் பெரும்பாலும் ஊசி செய்தவர்களின் சரித்திரமே. 1870-இல் பெர்லின் நகரத்தில் ஃபிரிட்ஷ், ஹிட்ஸிக் என்னும் இருவர் நாயின் மூளைப் பரப்பில் மின்சாரம் பாய்ச்சி அதன் கால்களை அசைவித்தபோது எண்ணிறந்த அணுக்கள் ஒருங்கே தூண்டப்பட்டன. தனி அணுவை அணுகும் மார்க்கம் அன்று இல்லை. சிகாகோவில் லிங், ஜெரார்ட் ஆகியோர் கண்ணாடிக் குழலைச் சூட்டில் இளக்கி இழுத்து, அரை மைக்ரானுக்கும் குறைந்த முனையாக்கி, உப்புக் கரைசல் நிரப்பித் தவளைத் தசையணுவின் உட்புறத்தையே அளந்த செய்தி 1949-இல் வெளிவந்தது. 1957-இல் ஹூபெல் டங்ஸ்டன் கம்பியை மின்பகுப்பால் கூராக்கி, மெழுகெண்ணெய் பூசிய ஊசியை அறிவித்தார். பின்னர் வீஸலோடு கூடிப் பூனையின் பார்வைப் புறணியை ஆராய்ந்ததற்காக 1981-இல் நோபல் பரிசு பெற்றார். ஊசிக்கு எவரும் மாலை சூட்டவில்லை என்பது வேறு விஷயம். ஆராய்ச்சியாளனே கருவியைச் செய்துகொண்ட காலம் அது.

அந்தக் கைத்தொழிலைத் தொழிற்சாலையின் திசையில் திருப்பியவர்கள் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த வைஸும் அவருடைய சகாக்களும் ஆவர். மின்னணுச் சில்லுகளைச் செய்யும் முறையிலேயே சிலிக்கனில் ஊசி செய்யலாமென்று 1970-இல் அவர்கள் காட்டினார்கள். பிறகு மிச்சிகன் சர்வகலாசாலையில் அம்முறை பக்குவம் பெற்றது. சிலிக்கன் தகட்டில் போரானைக் கடும் உஷ்ணத்தில் ஊடுருவச் செய்து, பின் அரிக்கும் திராவகத்தில் இட்டால், போரான் செறிந்த மெல்லிய படலம் மட்டும் கரையாது எஞ்சும். சுமார் 15 மைக்ரான் கனமுள்ள அந்த எச்சமே ஊசி. எவ்வளவு ஆழம் போரான் சென்றதோ அவ்வளவே கனம் என்பதால், கையின் நடுக்கத்திற்கு அங்கே இடமில்லை. ஒளி அச்சு முறையால் அதன்மேல் வரிசையாகப் பல மின்முனைகளைப் பதிக்கலாம்; கேட்பதோடு தூண்டவும் வேண்டுமானால், திசுவுக்குத் தீங்கின்றி மிகுந்த மின்னூட்டத்தைச் செலுத்தவல்ல இரிடியம் ஆக்ஸைடைப் பூசுவார்கள்.

யூட்டாவில் நார்மன் குழுவினர் சிலிக்கன் கட்டியை அறுத்தும் அரித்தும், 4 மில்லிமீட்டர் சதுரத்தில் 100 ஊசிகளை நட்டாற்போல் அமைத்தனர். 2017-இல் அறிவிக்கப்பட்ட நியூரோபிக்ஸெல்ஸ் என்னும் சிலிக்கன் ஊசி, பெல்ஜியத்தின் ஐமெக் நிறுவனத்தில் உருவானது. 10 மில்லிமீட்டர் நீளமும் 70 மைக்ரான் அகலமும் உள்ள ஒரே தண்டில் அதற்கு 960 மின்முனைகள்; ஒரே சமயத்தில் அவற்றுள் 384 பேசும். இன்று ஊசியைச் செய்பவர் ஒருவர், மூளையில் செலுத்துபவர் வேறொருவர். இதை நான் நஷ்டமாகக் கருதவில்லை. ஆயிரம் முனைகளை ஒருவன் தன் கையால் தீட்ட இயலுமா?

ஆயினும் அச்சு நுட்பத்திற்குப் பணியாத இடர் ஒன்று உண்டு. மூளை மிருதுவானது, சிலிக்கனோ கடினமானது. நாளடைவில் ஊசியைச் சுற்றித் தழும்புத் திசு வளர்ந்து, கேட்கும் துடிப்பு மங்குகிறது. அதனால் இப்போது பாலிஇமைடு போன்ற மெல்லிய இழைகளைச் சோதிக்கிறார்கள். அவை தாமாக மூளைக்குள் நுழைய வலுவற்றவையாதலால், உள்ளே கொண்டு சேர்க்க மறுபடியும் ஒரு கடினமான ஊசியே துணைக்கு வேண்டியிருக்கிறது.