பயிரைக் கொன்றது யார்?

காவிரி பாய்கிறது, கழனி செழிக்கிறது, கதிர் தலை நீட்டுகிறது. அறுவடை நெருங்கிற்று என்று அகமகிழ்ந்த உழவன், ஒரு காலைப் பொழுதில் கண்டதென்ன? கதிரின் கழுத்துக் கருத்து, குலை முறிந்து தொங்குகிறது. கசக்கிப் பார்த்தால் மணியில்லை, பதர்! 'தெய்வக் குற்றம்' என்கிறது ஒரு குரல். 'முன்வினை' என்கிறது மற்றொரு குரல். பரிகாரம் உண்டாம், பணந்தான் வேண்டுமாம்!

குலைநோய் என்னும் இக்கொடுமை தஞ்சைத் தரணியில் 1913இல் பதிவாயிற்று; 1919இல் பெருகிப் பரவிக் கழனிகளைச் சூறையாடிற்று. அந்நாளில் சென்னை மாகாண அரசின் பூசணவியல் அறிஞராயிருந்த மக்ரே, ஜாதகத்தைப் புரட்டவில்லை. நோயுற்ற பயிரை ஆராய்ந்தார். குற்றவாளி கோளுமல்ல, கொள்ளிக்கண்ணுமல்ல. பைரிகுலேரியா எனும் பூசணம்!

காற்றிலே பறக்கும் அதன் வித்து, ஈரம் படிந்த இலையில் ஒட்டி முளைக்கிறது. சிறு குமிழொன்றை உண்டாக்கி, வளிமண்டலத்தைப் போல் ஏறத்தாழ 80 மடங்கு அழுத்தத்தால் இலைத்தோலைத் துளைக்கிறது. ஆகமம் அறியாத இந்த அழுத்தத்தை ஆய்வுக்கூடம் அளந்தது! இரவின் வெப்பம் 20 பாகை அளவுக்குத் தாழும்போது பயிர் எளிதில் நோய்க்கு இரையாகிறது என்பதைச் சென்னைப் பல்கலைக் கழகத்தில் டி. எஸ். சதாசிவனும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்து காட்டினர். மார்கழிப் பனியைப் புனிதமென்று போற்றினோம். பூசணத்துக்கு அதுவே விருந்தென்பதை அறிந்தோமில்லை. தழைச்சத்தை அளவுமீறி இட்டாலும் நோய்க்குக் கொண்டாட்டமே.

காரணம் தெரிந்தது, கழுவாய் பிறந்தது. நோய்க்கு எளிதில் ஆட்பட்ட ஆடுதுறை 10 ரகத்தோடு, எதிர்த்து நின்ற கோ 4 ரகத்தை இணைத்து, கோ 25 எனும் நெல்லை ஆக்கினர் நம் ஆராய்ச்சியாளர். வேள்வி செய்யாத வேலையை மகரந்தம் செய்தது! ஆயினும் பூசணமும் வேடம் மாற்றுகிறது; ஒரு ரகத்தை வெல்லும் புது வடிவம் கொள்கிறது. ஆகவே ஆராய்ச்சி ஓயலாகாது.

ஆனால் தோழர்களே, அறிவு ஆய்வேட்டில் மட்டும் உறங்கினால் யாருக்குப் பயன்? விளைச்சல் பொய்த்த ஆண்டிலும் குத்தகை பொய்த்ததில்லை. கதிர் முறிந்தபோது குனிந்தது குத்தகையாளன் முதுகு. காய்ந்தது பண்ணையாளின் வயிறு. 'விதி' என்ற ஒரு சொல், நோயையும் மறைத்தது, சுரண்டலையும் மறைத்தது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஆராய்ச்சி, அழகு தமிழில் சேரிக்கும் சிற்றூருக்கும் செல்லவேண்டும். படித்த இளைஞன் வரப்பில் நின்று, புள்ளி விழுந்த இலையைக் காட்டி விளக்கவேண்டும்.

பூசணம் பயிரைக் கெடுக்கும். மூடநம்பிக்கை உழவனையே கெடுக்கும். முன்னதை நுண்ணோக்கி காட்டிற்று. பின்னதைக் காட்ட நாமிருக்கிறோம்!