சிவாஜிநகரின் நகராட்சிப் பணம்

இன்று சிவாஜிநகர் என வழங்கும் பகுதி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிளாக்பள்ளி என்ற பெயரில் பெங்களூரு கண்டோன்மெண்டை, அதாவது ஆங்கிலப் படைக் குடியிருப்பை, ஒட்டி வளர்ந்த கடைவீதிக் குடியிருப்பாகும். ஸ்ரீரங்கப்பட்டினத்திலிருந்து ஆங்கிலப் படை இங்கு மாற்றப்பட்டபின், அதற்கு வேண்டிய தானியமும் இறைச்சியும் துணியும் தருவதற்காகவும் கூலிவேலைக்காகவும் சென்னை மாகாணத்திலிருந்து வந்து குடியேறிய தமிழர்களும், தக்கணி உருது பேசும் முஸ்லிம்களும் இதன் தெருக்களை நிரப்பினர்.

ஓர் ஊரின் மக்கள் விரும்பினால் அங்கு நகராட்சி அமைக்கலாம் என்று இடமளித்த 1850-ஆம் ஆண்டின் 26-ஆம் சட்டத்தின்படி, 1862 மார்ச் 27 அன்று பெங்களூரின் பழைய நகரமான பேட்டைக்கும், அதே ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று கண்டோன்மெண்டுக்கும் தனித்தனி நகராட்சிகள் ஏற்பட்டன. 1881-இல் மைசூர் அரசு ஆங்கிலேயரால் உடையார் மன்னர்களிடம் திருப்பி அளிக்கப்பட்டபோது, கண்டோன்மெண்ட் மட்டும் ‘சிவில் அண்ட் மிலிடரி ஸ்டேஷன்’ என்ற பெயரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டின், அதாவது மைசூர் அரசவைக்கு ஆங்கில அரசு அமர்த்திய பிரதிநிதியின், ஆளுகையில் நிறுத்திக்கொள்ளப்பட்டது. ஆகவே பேட்டையின் வரிப்பணம் மகாராஜாவின் ஆட்சிக்கு உட்பட்ட நகராட்சிக்கும், பிளாக்பள்ளியின் வரிப்பணம் ரெசிடெண்டுக்குக் கட்டுப்பட்ட நகராட்சிக்கும் போயின.

அக்காலத்து நகராட்சிகளின் முக்கிய வருவாய்களுள் ஒன்று ஆக்ட்ராய், அதாவது ஊர் எல்லைக்குள் விற்பனைக்கு வரும் சரக்கின் மீது விதிக்கப்பட்ட நுழைவு வரி. சுங்கச்சாவடியில் மாட்டுவண்டி நிறுத்தப்பட்டு, மூட்டைகள் எண்ணப்பட்டு, பணம் கட்டிச் சீட்டு வாங்கிய பின்னரே அரிசியும் நெய்யும் கடைக்குச் சேர்ந்தன. விலையோடு சேர்த்து வசூலிக்கப்பட்டதால் வீடோ நிலமோ இல்லாத கூலிக்காரரும் இவ்வரியைச் செலுத்தினர் என்பதும், அவர்கள் குடியிருந்த சந்துகளுக்கே சாக்கடையும் குடிநீரும் கடைசியாக வந்து சேர்ந்தன என்பதும் மறக்கத் தகாதவை.

1898-இல் பெங்களூரைத் தாக்கிய பிளேக் நோய் இந்தப் புறக்கணிப்பை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. நெரிசல் மிகுந்த பகுதிகளிலிருந்து மக்களை வெளியேற்றிக் குடியமர்த்தும் நோக்கில் வடக்கே ஃபிரேசர் டவுன் உருவாயிற்று; அதைத் திட்டமிட்ட பொறியாளர் ஜே. எச். ஸ்டீபன்ஸ், எலி வளை தோண்ட முடியாத தளமும் காற்றோட்டமும் கொண்ட வீடுகளைப் பற்றி 1914-இல் ஒரு நூலே வெளியிட்டார். ஆயினும் புது மனைகளில் வீடு கட்டிக்கொள்ளும் வசதி எல்லோருக்கும் இல்லாததால், பிளாக்பள்ளியின் நெரிசல் நீங்கவில்லை.

நகராட்சி இப்பகுதியில் விட்டுச்சென்ற கட்டடங்களுள் பெரிது ரஸல் மார்க்கெட். 1927-இல் கட்டப்பட்டு, நகராட்சி ஆணையராயிருந்த டி. பி. ரஸலின் பெயரைப் பெற்று, 1933-இல் வணிகர் இஸ்மாயில் சேட்டால் திறந்துவைக்கப்பட்ட இச்சந்தை, காய்கறி, பழம், மீன், இறைச்சி ஆகியவற்றின் விற்பனையை ஒரே வளாகத்துக்குள் கொண்டுவந்தது. இத்தகைய சந்தை ஊருக்குத் தூய்மையையும் நகராட்சிக்குக் கடை வாடகையையும் ஒருசேரத் தருவது. எவரிடமும் மானியம் கேட்காமல் வருவாய் ஈட்டும் சொத்தை உண்டாக்கும் இவ்வழியை அன்றைய நகராட்சிகள் நன்கு அறிந்திருந்தன.

1947-இல் ஸ்டேஷன் பகுதி மைசூருக்குத் திரும்ப, 1949-இல் இரு நகராட்சிகளும் இணைந்து பெங்களூரு மாநகராட்சி ஆயின. பிளாக்பள்ளியின் தனிக் கணக்கு அத்துடன் முடிந்தது. கர்நாடக அரசு 1979-இல் ஆக்ட்ராயை நீக்கி, நுழைவு வரியைத் தானே விதிக்கத் தொடங்கியபோது, நகர அமைப்புகள் தம் சொந்த வருவாயில் பெரும்பகுதியை இழந்து மாநில மானியத்தை எதிர்நோக்கும் நிலைக்கு வந்தன. வீட்டுக்காரரே பரப்பளவைக் கொண்டு தம் சொத்துவரியைக் கணக்கிட்டுச் செலுத்தும் சுயமதிப்பீட்டு முறை 2000-இல் நடைமுறைக்கு வந்து, அந்த இழப்பை ஓரளவே ஈடுசெய்தது.

பணம் வரும் வழி மாறியதைக் காட்டிலும், செலவை முடிவுசெய்யும் இடம் மாறியதே ஆழமான மாற்றம். சிவாஜிநகரை ஒட்டிய கமர்ஷியல் தெருவைச் சீரமைத்தது மாநகராட்சி மாமன்றமன்று. மத்திய, மாநில அரசுகளின் நிதியைக் கொண்டு இயங்கிய ‘பெங்களூரு ஸ்மார்ட் சிட்டி லிமிடெட்’ என்ற தனி நிறுவனமே அவ்வேலையை நடத்தியது. 2020 செப்டம்பரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்து, தேர்தல் நடத்தப்படாமல் அதிகாரிகளே நிர்வகித்த காலம் அது. தெருவில் கல் பதிப்பதைப் பற்றி வணிகர்கள் முறையிடுவதற்கு ஒரு வார்டு உறுப்பினர்கூட அப்போது இல்லை. 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டபோது சிவாஜிநகர் மத்திய மாநகராட்சியின் பகுதியானது; பழைய பேட்டையின் சிக்பேட்டையும் அதே மாநகராட்சியில், அதே வரவு செலவுத் திட்டத்தின் கீழ் இப்போது இருக்கிறது.