கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு போட்டோ: கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் எங்க வீட்டுக் கதை

சனி, ஞாயிறுகளில் காலை நேரத்தில் ஒண்டிக்கடை பக்கம் வந்தீர்கள் என்றால் ஒரு காட்சி கட்டாயம் கண்ணில் படும். தரையைக் கூட்டுகிற நீளத்தில் கவுன் போட்ட ஒரு பெண், கோட்டு சூட்டில் வியர்த்துக்கொண்டு ஒரு பையன், அவர்களுக்கு முன்னால் கேமராவோடு நாலு பேர். ஏரிக்கரை, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட் என்று எங்கே போனாலும் இதே கதைதான். ப்ரீ வெட்டிங் ஷூட்!

இதுவரைக்கும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். இப்போது அந்த மேட்டர் எங்க வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

அக்காவுக்கு நிச்சயம் முடிந்தது. மாப்பிள்ளை வீட்டில், "மலையிலேயே இருக்கீங்க, ஒரு ஷூட் எடுத்துடலாமே" என்றார்கள். அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "நம்ம பரம்பரையிலேயே இல்லாத பழக்கம்." அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மூணு நாளாக வீட்டில் சாப்பிடும்போது தட்டு சத்தம் மட்டும்தான்.

நான் படிப்பது பி.காம். கணக்கில் ஒரு தொகை மேல் சந்தேகம் வந்தால் வவுச்சரைத் தேடு என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சரி, இந்தப் 'பரம்பரை'க்கு வவுச்சர் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன்.

முதலில் போட்டோவே நம் பரம்பரை கிடையாது. பிரான்சில் டாகுவேர் என்பவரின் முறையை உலகத்துக்கு அறிவித்தது 1839 ஆகஸ்டில். அடுத்த வருஷமே கேமரா இந்தியாவுக்கு வந்துவிட்டது. 1856இல் மதராஸில் ஒரு புகைப்படச் சங்கமே ஆரம்பித்தார்கள். அதே காலத்தில் லின்னேயஸ் ட்ரைப் என்ற கம்பெனி ராணுவ அதிகாரி மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்தார். மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு மதுரை, தஞ்சாவூர், திருச்சி, ஸ்ரீரங்கம் என்று சுற்றினார். 1858இல் வெளிவந்த அவருடைய தொகுதிகளில் ஒன்று, ராயக்கோட்டையும் சேலம் ஜில்லாவின் மற்ற இடங்களும். (ராயக்கோட்டை இப்போது கிருஷ்ணகிரி மாவட்டம்.) ஆக நம்ம ஜில்லாவுக்குக் கேமரா வந்தது அப்பவே. ஆனால் அது பார்த்தது கோட்டையையும் கோயிலையும் பாறையையும்தான். அந்தக் காலத்து கேமராவுக்கு ஆடாமல் அசையாமல் நிற்கிற ஆள்தான் வேண்டும். கல்யாண வீட்டில் யார் அப்படி நிற்பார்கள்?

மனிதர்கள் படத்துக்குள் வந்தது ஸ்டுடியோக்கள் வந்த பிறகு. மதராஸில் 1910இல் தொடங்கிய ஜி.கே. வேல் மாதிரி பெரிய ஸ்டுடியோக்களுக்கு முதலில் வசதியானவர்கள் போனார்கள். பிறகு சின்ன ஊர்களிலும் ஸ்டுடியோ முளைத்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டம் ஒன்றில், தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடித்தேடி டிஜிட்டல் பிரதி எடுத்திருக்கிறார்கள். அந்த மாதிரிப் படங்களில் ஒன்று உங்க வீட்டுச் சுவரிலும் இருக்கும். ஐயா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், அம்மா பக்கத்தில் நிற்பார். ரெண்டு பேர் முகத்திலும் சிரிப்பு இருக்காது.

எங்க வீட்டிலும் ஒன்று இருக்கிறது. என் அம்மாயி, தாத்தா படம். கல்யாணத்தில் போட்டோவே கிடையாது. "போட்டோ புடிச்சா ஆயுசு குறையும்" என்று அம்மாயியின் மாமியார் விடவில்லையாம். ஒரு மாசம் கழித்து, சேலத்துக்குச் சாமான் வாங்கப் போகிற சாக்கில் தாத்தா ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். இதில் வேடிக்கை என்னவென்றால், ஏற்காட்டிலிருந்து பஸ் ஏறி மலை இறங்கிப் போய், அவர்கள் நின்றது மலையும் அருவியும் வரைந்த ஒரு திரைக்கு முன்னால்!

அடுத்த தலைமுறை, அதாவது நம்ம அப்பா. அவர் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்திருக்கிறார்கள். அந்தக் கேசட்டில் ஒரு தாமரை விரியும், அதற்குள்ளிருந்து அப்பாவும் அம்மாவும் வருவார்கள். பின்னணியில் சினிமாப் பாட்டு. இதை எடுக்கும்போது அவருடைய அப்பா, "இதெல்லாம் என்ன கூத்து?" என்று கத்தினாராம். பரம்பரைக்கு வவுச்சர் கேட்டால் இப்படித்தான் வந்து நிற்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் புதுசாக ஒன்றைச் செய்திருக்கிறது, அடுத்த தலைமுறை கேட்கும்போது மட்டும் வேண்டாம் என்றிருக்கிறது.

'கல்யாணத்துக்கு முன்னாடி போட்டோ' என்பதும் புதுசில்லை. ஜாதகத்தோடு பெண்ணின் போட்டோவும் தரகர் பையில் வீடு வீடாகப் போனது. உலகத்திலும் அப்படித்தான். 1908 முதல் 1920 வரை அமெரிக்காவிலும் ஹவாயிலும் வேலை பார்த்த ஜப்பானியர்கள் போட்டோவை மட்டும் பார்த்துக் கல்யாணம் முடித்து, பெண்ணைக் கப்பலில் வரவழைத்தார்கள். பெண் தனியாக நிற்கிற படம் பத்து வீட்டுக்குப் போகலாமாம். கட்டிக்கப் போகிறவனோடு சேர்ந்து நின்றால் மட்டும் தப்பாம். இது எனக்கு இன்னும் புரியவில்லை.

இப்போதைய ஷூட்டுக்கு முன்னோடி என்றால் தைவானைச் சொல்லலாம். அங்கே கவுன், மேக்கப், ஆல்பம் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜாகக் கல்யாணத்துக்கு முன்பே எடுத்து, விருந்தில் ஆல்பத்தை வைத்துக் காட்டுவார்கள். பானி ஏட்ரியன் என்ற மானிடவியலாளர் இதைப் பற்றி 2003இல் ஒரு புத்தகமே எழுதினார். நமக்கு அதோடு சினிமா டூயட்டும் சேர்ந்துகொண்டது. மலை என்றாலே நமக்கு ஜோடிதானே! (மாடர்ன் தியேட்டர்ஸின் 'மந்திரி குமாரி', 1950, எங்க மலையில் எடுத்தது என்று ஊரில் சொல்வார்கள். அதில் புருஷன் பெண்டாட்டியை மலை உச்சிக்குக் கூட்டிப் போவது தள்ளிவிட. கடைசியில் தள்ளிவிட்டது யார் என்பது உங்களுக்கே தெரியும் :-) )

இதுவரைக்கும் வரவு. பற்றுப் பக்கத்தையும் எழுதாவிட்டால் கணக்கு டேலி ஆகாது.

2019 டிசம்பரில் போபாலில் குஜராத்தி, ஜெயின், சிந்தி சமூக அமைப்புகள் இந்த ஷூட்டுக்குத் தடை போட்டன. அது கட்டுப்பாடு, அதை விடுங்கள். 2020 நவம்பரில் மைசூர் பக்கம் தலக்காட்டில், காவிரியில் பரிசலில் நின்று படம் எடுக்கப் போன ஒரு ஜோடி பரிசல் கவிழ்ந்து இறந்துபோனது. கல்யாணத்துக்குச் சில நாட்களே இருந்தன. 2024 பிப்ரவரியில் சித்ரதுர்கா மாவட்டத்தில் ஒரு டாக்டர் அரசு ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரிலேயே ஷூட் எடுத்து வேலையை இழந்தார். ஒரு நல்ல படத்துக்காக எவ்வளவு தூரம் போகிறோம் என்பதற்கு இவை போதும்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். தாமரைப் பூ கேசட் வரைக்கும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "நிச்சயம் ஆகி நின்னுபோன கல்யாணத்தை நான் பாத்திருக்கேன்மா. பையனுக்கு அடுத்த மாசமே பொண்ணு பாத்துடுவாங்க. அந்தப் போட்டோ மட்டும் பொண்ணு தலையிலதான் நிக்கும்."

எனக்குப் பதில் வரவில்லை. மூணு நாளாக அவர் 'பரம்பரை' என்று சொன்னது இந்தப் பயத்தைத்தான். அந்தக் காலத்து ஸ்டுடியோ படம் ஒரு பிரேமுக்குள் ஒரு வீட்டில் இருந்தது. இப்போது ஒரு தடவை நெட்டில் ஏறினால் ஏறினதுதான், திரும்ப வாங்க முடியாது. ஊர் பெண்ணை மட்டும் கேள்வி கேட்கிற வரைக்கும் அப்பாவின் பயம் நியாயம்தான். ஆனால் அதற்குத் தீர்வு போட்டோவே வேண்டாம் என்பதா, யார் கையில் இருக்க வேண்டும் என்று பேசுவதா?

அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தாள். "எனக்கு கவுன் வேண்டாம், ட்ரோன் வேண்டாம். நம்ம வீட்டு வாசல்லயும் காப்பித் தோட்டத்துலயும் நாலு படம். மெமரி கார்டு என்கிட்ட இருக்கணும். தாலி கட்டற வரைக்கும் யாரும் எதுலயும் போடக் கூடாது. இதை நானே அவர்கிட்ட பேசறேன்."

பேசினாள். அரை மணி நேரம். அவர் சரி என்றார். அவர்கள் ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த முதல் முடிவு அதுதான் என்று நினைக்கிறேன். படத்தை விட எனக்கு அது பெரிதாகத் தெரிந்தது.

அம்மாயி மட்டும் கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாங்க. "ஒரு படத்துல நானும் நிப்பேன். அன்னைக்கு அந்த மனுஷன் திருட்டுத்தனமா கூட்டிப் போகலைன்னா, இன்னைக்கு அவர் மூஞ்சியே எனக்கு மறந்திருக்கும்."

உங்க வீட்டில் இந்தச் சண்டை எப்படி முடிந்தது? சொல்லுங்கள். அடுத்தது என் முறை, எனக்கும் உதவும்!