ஆயாக்கொட்டகையில் கத்தி கிடையாது

தோட்டத்து வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ரப்பர் மரத்தடியில் நின்றுதான் எழுதுகிறார்கள். பெரட்டுக் களம், லயம், கோயில், கள்ளுக்கடை எல்லாம் வரும். வெட்டுக்குப் போகிற பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகை ஒரு வரியோடு போய்விடும். என் பாட்டி கெடாவில் சிடாம் கிரி பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஆயா. நான் சுங்கைப்பட்டாணியில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறேன். அவள் பிள்ளைகளைக் குளிப்பாட்டினாள், நான் பெரியவர்களைக் குளிப்பாட்டுகிறேன். இரண்டு இடத்திலும் தலைக்கு மேலே நின்று சத்தம் போட ஓர் ஆள் உண்டு. அந்த ஆளை அந்தக் காலத்துப் பெண்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று யாராவது எழுத வேண்டாமா?

கெடா 1909இல் சயாமிடமிருந்து பிரிட்டிஷார் கைக்கு வந்தது. தென்கெடாவில் கோலா மூடா, கூலிம் வட்டாரங்கள் ரப்பர் காடாக மாறின. சிடாம் கிரி கோலா மூடாவிலும், சிடாம் கானான் கூலிமிலும் இருக்கின்றன. ஊர் எதுவானாலும் காலை ஒன்றுதான். இருட்டோடு எழுந்து, கைக்குழந்தையைத் துணியில் சுற்றி, பால் போத்தலும் மாற்றுத் துணியுமாகக் கொட்டகையில் விட்டுவிட்டு அம்மா பெரட்டுக்கு ஓடுவாள். பேர் கூப்பிடும்போது அங்கே நிற்காவிட்டால் அன்றைய கூலி போயிற்று. அதற்குள் கொட்டகையின் உத்தரத்தில் வரிசையாக ஏணைகள் ஆட ஆரம்பித்துவிடும். ஒன்றை ஆட்டினால் அடுத்தது அழும். மரம் வெட்டி முடித்த தாய்மார்கள், ரப்பர் பால் எடுக்கப் போகும் முன் கிடைக்கிற இடைவெளியில் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுப் போவார்கள். தோட்டத்து மருந்துக்காரர் டிரெசர் வந்தால் விளக்கெண்ணெயும் கொய்னாவும் கொடுக்க வேண்டும். பிள்ளைகளைப் பிடித்து வாயைத் திறப்பதும் ஆயாவின் வேலைதான்.

இது முதலாளியின் இரக்கத்தில் முளைத்த கொட்டகை இல்லை. பெண்ணும் வெட்டுக்குப் போக வேண்டும், அதற்குப் பிள்ளை எங்காவது இருக்க வேண்டும். 1920களின் கடைசியில் மலாயாவின் முக்கிய ரப்பர் பகுதிகளுக்கு நிர்ணயித்த கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மலிவான அந்த இரண்டாவது கையைக் காட்டுக்குள் அனுப்பி வைத்தது ஆயாக்கொட்டகை. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தவள் வெட்ட முடியாமல் போன கிழவி, இல்லையென்றால் கால் ஒடிந்தவள். வெட்டுக்காரிக்கும் குறைவான சம்பளம் அவளுக்கு.

தோட்டத்தில் அதிகாரம் மேலிருந்து கீழே இறங்கும்: துரை, சின்னத் துரை, கிராணி, கண்டக்டர், தண்டல். கீழே வர வர வாய் நீளும் என்பது பாட்டியின் கணக்கு. துரை ஆண்டுக்குச் சில தடவைதான் திட்டுவார், அதுவும் புரியாத பாஷையில். தண்டல் தினமும் திட்டுவான், எல்லாமே புரியும். சைக்கிளில் போகிற தொழிலாளி துரையோ கிராணியோ எதிரே வந்தால் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும் என்பது மலாயா முழுக்க எழுதாத சட்டம். இன்றைய பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது, அதிகாரிகள் முன்னால் சைக்கிளில் ஏறிப் போகும் உரிமை கோரிக்கைப் பட்டியலிலேயே இருந்தது. அடாவடி செய்கிற அதிகாரிகளை மாற்ற வேண்டும், தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும், குறை சொன்னவனைப் பழிவாங்கக் கூடாது என்பனவும் இருந்தன. சம்பளக் கோரிக்கைக்குப் பக்கத்திலேயே மரியாதைக் கோரிக்கைகளையும் எழுதியவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். முன்னணியில் நின்ற ஆர்.எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

கெடாவுக்கு அந்தச் சூடு ஜப்பான் யுத்தம் முடிந்த பிறகு வந்தது. ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை போட இழுத்துப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. திரும்பியவர்கள் பழைய துரைக்குப் பழைய மாதிரி குனியத் தயாராக இல்லை. பீடோங் அருகே ஹார்வர்டு தோட்டத்தில் ஏ.எம். சாமி என்பவர் தொண்டர் படையைக் கட்டினார். சீருடை, அணிவகுப்பு, கள்ளுக்கடை மறியல் என்று அது தோட்டம் தோட்டமாகப் பரவியது. குடித்துவிட்டு வந்து வீட்டில் அடிக்கிறவனையும் படை கேள்வி கேட்டது. பெண்களுக்கு அதுதான் முதலில் பிடித்துப் போயிற்று என்பாள் பாட்டி. 1947 பிப்ரவரி கடைசியில் பீடோங்கில் போலீசோடு மோதல், மார்ச் தொடக்கத்தில் கூலிம் டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச் சூடு. உயிர்கள் போயின, பலர் சிறைக்குப் போனார்கள், படையும் கலைந்தது.

பாட்டி அப்போது வெட்டுக்காரி. கத்தியைக் கீழே போட்டுவிட்டு லயத்து வாசலில் உட்கார்ந்திருந்த நாட்களைப் பற்றிச் சொல்லும்போது அவள் குரல் மாறிவிடும். மரம் வெட்டாமல் விட்டால் மரத்துக்கு ஓய்வு, துரைக்குத்தான் நட்டம். தொழிலாளிக்கு இருந்த மற்ற வழிகளையும் அவள் அறிவாள். தண்டலுக்குப் பட்டப்பெயர் வைத்து ஊர் முழுக்கச் சிரிக்க வைப்பது, வாத்தியாரைக் கொண்டு மனு எழுதுவது, முடியாவிட்டால் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக அடுத்த தோட்டத்துக்கு நடப்பது. எல்லாவற்றிலும் கூட ஆள் வேண்டும், இல்லாவிட்டால் போட்டுவிட்டுப் போகக் கூடிய வேலையாக இருக்க வேண்டும்.

காலில் அடிபட்டு அவள் ஆயா ஆன பிறகு இந்த இரண்டுமே இல்லை. வேலையாள் அவள் ஒருத்திதான். கத்தியைக் கீழே போடலாம், பிள்ளையைப் போட முடியுமா? துரைசாணி கொட்டகையைப் பார்க்க வந்து மூக்கைச் சுளித்துவிட்டுப் போனால், அன்று சாயங்காலமே கிராணி அரைநாள் சம்பளத்தைப் பிடிப்பார். பிள்ளைகள் முன்னாலேயே “கிழட்டு மூதி” என்பார். பதில் பேசினால், “உன் இடத்துக்கு ஆள் நிற்குது.” ஆள் நின்றதும் உண்மைதான்.

ஒருமுறை அப்படிப் பிடித்தபோது அவள் கிராணியிடம் ஒன்றும் பேசவில்லை. மத்தியானம் பிள்ளையைத் தூக்க வந்த ஒவ்வொரு தாயிடமும் தனித்தனியாக, ஏணைத் துணியை அவிழ்த்துக்கொண்டே, “இந்த மாசம் எனக்கு அரைநாள் பிடிச்சிட்டாங்கம்மா” என்று மட்டும் சொன்னாள். அழவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் விடிகாலை கொட்டகைக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. தாய்மார்கள் கைக்குழந்தைகளோடு பெரட்டுக் களத்தில் நின்றார்கள். பிள்ளைகள் கத்தின கத்தில் கண்டக்டர் கூப்பிட்ட பேர் யாருக்கும் கேட்கவில்லை. ஆயா சம்பளம் சரியானால் பிள்ளையை விடுகிறோம் என்றாள் முன்னால் நின்றவள். வெயில் ஏறினால் பால் இறங்காது, துரை கடிகாரத்தைப் பார்த்தார், கிராணி சம்பளக் கணக்கெழுதும் செக்ரோலைத் திருத்தினார். 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் உருவான பிறகு பாட்டி சந்தாவும் கட்டினாள். ஆனால் கடைசி வரை அவள் சங்கம் என்று நினைத்தது அந்தத் தாய்மார்களைத்தான்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாகி, அந்தப் பெண்களின் பேத்திகள் பக்கார் ஆராங் தொழிற்சாலைகளுக்கும், என்னைப் போன்றவர்கள் முதியோர் இல்லங்களுக்கும் வந்து சேர்ந்தோம். இல்லங்களை நெறிப்படுத்த 1993இன் பராமரிப்பு மையச் சட்டம் இருக்கிறது, 2018இல் முதியோர் நலப் பராமரிப்புக்கென்று தனிச் சட்டமும் வந்தது. குறைந்தபட்சச் சம்பளம் 2025இலிருந்து 1,700 ரிங்கிட். கிராணியின் வாய்க்கு மட்டும் இந்தச் சட்டங்களில் அளவு போடவில்லை. எங்கள் மேனேஜர் அம்மா தமிழர்தான். பெரியவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எங்களைத் திட்டுவார். ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் மறுநாள் டியூட்டியை மாற்றுவார். “பிடிக்கலைன்னா போ” என்பார். படுக்கையை விட்டு எழ முடியாத ஒரு பாட்டியின் டயப்பரை மாற்றாமல் நான் எங்கே போவது? அதை அவர் நன்றாகத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் சொல்கிறார்.

தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம் என்றாள் கூட வேலை செய்யும் ஒருத்தி. போகலாம், அது கடைசி வழி. அதற்கு முன்னால் நாங்கள் ஒரு நோட்டு வாங்கி தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர் யார் என்று எழுத ஆரம்பித்தோம். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிற மகன் மகள்களிடம், சோறு ஊட்டிக்கொண்டே, ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்பதை மட்டும் சொன்னோம். மேனேஜரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரு மகள், பள்ளிக்கூட ஆசிரியை, ஆபீசுக்குள் போய் டியூட்டி அட்டவணையைக் காட்டச் சொன்னார். காட்ட அட்டவணை இல்லை.

இப்போது மாத அட்டவணை சுவரில் ஒட்டியிருக்கிறது. சத்தம் குறையவில்லை, சாப்பாட்டு மேசையை விட்டு ஆபீசுக்குள் நகர்ந்திருக்கிறது. உள்ளே கூப்பிட்டால் நாங்கள் இரண்டு பேராகப் போகிறோம், நோட்டும் கையில் இருக்கும்.