அல்சைமர் நோய்: மூளைக்குள் ஒளிந்திருப்பதைக் காட்டிக்கொடுத்த சாயம்... வேதியியல் கைகொடுத்தது எப்படி?

அல்சைமரில் மறதி வெளியே தெரிவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படிய ஆரம்பித்துவிடும். சாதாரண ஸ்கேனில் இது சிக்காது. நோயாளி இறந்த பிறகு மூளைத் திசுவில் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் உறுதி என்ற நிலைதான் நீண்ட காலம் இருந்தது.

அதே சாயத்தை உயிரோடு இருப்பவருக்குச் செலுத்தினால் என்ன? அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வில்லியம் கிளங்க், செஸ்டர் மேத்திஸ் இருவரும் தேடியது இதற்கான வழியைத்தான்.

தயோஃபிளேவின்-டி என்ற மஞ்சள் சாயம் அமிலாய்டில் நன்றாக ஒட்டும். ஆனால் அதன் மூலக்கூறில் நேர்மின்னூட்டம் இருக்கிறது. அப்படிப்பட்டதை ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு லேசில் உள்ளே விடாது. சாயத்தின் அமைப்பை மாற்றி, மின்னூட்டம் இல்லாத மூலக்கூறை உருவாக்கினார்கள். கதவு திறந்தது! அதில் கதிரியக்கக் கார்பன்-11 சேர்த்ததும், படிவுகள் இருக்கும் இடம் பெட் ஸ்கேனில் பளிச்சென்று தெரிந்தது. 2002ல் ஸ்வீடனின் உப்சாலாவில் முதன்முறையாக நோயாளிக்குச் செலுத்தப்பட்ட இதன் பெயர் பிட்ஸ்பர்க் காம்பவுண்ட்-பி.

சிக்கல் என்னவென்றால், கார்பன்-11 சுமார் 20 நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும். தயாரிக்கும் சைக்ளோட்ரான் பக்கத்திலேயே இல்லாத மருத்துவமனைக்கு இது சரிப்படாது. அதனால்தான் சுமார் 110 நிமிடம் தாங்கும் ஃபுளோரின்-18க்கு மாறினார்கள். அந்த வகையைச் சேர்ந்த ஃபுளோர்பெட்டாபிருக்கு 2012ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

அமிலாய்டு தெரிந்தாலே அல்சைமர் என்று பயந்துவிடக் கூடாது. நல்ல ஞாபகசக்தியோடு இருக்கும் முதியவர்கள் பலருக்கும் அது இருக்கிறது. ஆனால் லெக்கானமாப் போன்ற புதிய மருந்துகள் ஆரம்பக் கட்டத்துக்கு மட்டுமே. படிவு இருப்பது உறுதியானால்தான் அவற்றைத் தொடங்கவே முடியும்.