கொடைக்கானல்ல வொர்கேஷன்... ஓப்பன்பிஎஸ்டி லேப்டாப் மக்கர் பண்ணினா என்ன செய்யணும்?

இ-பாஸ் எடுத்தாச்சு. வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதை ஏறியாச்சு. பூம்பாறை பக்கம் ஒரு ஹோம்ஸ்டேல ரூமும் போட்டாச்சு. காலையில ஜன்னலைத் திறந்தா மேகம் உள்ளே வருது. பத்து மணிக்கு மீட்டிங். லேப்டாப்பை ஆன் பண்ணினா, கறுப்புத் திரையில வெள்ளை எழுத்து வரிசையா ஓடி, நடுவுல நின்னுடுச்சு. ராத்திரி மழையில கரன்ட் போயிருக்கு. பேட்டரி தீர்ந்து லேப்டாப்பும் அணைஞ்சிருக்கு.

விண்டோஸா இருந்தா பக்கத்து ரூம்ல யாரையாவது கேட்கலாம். ஆனா உங்க லேப்டாப்ல இருக்கிறது ஓப்பன்பிஎஸ்டி. கொடைக்கானல் முழுக்கத் தேடினாலும் அதைத் தெரிஞ்ச மெக்கானிக் கிடைக்கிறது கஷ்டம். அதனால நீங்களேதான் மெக்கானிக். பயப்பட வேண்டாம். அடிக்கடி வர்ற பிரச்னைகள் ஏழெட்டுதான். ஒவ்வொண்ணுக்கும் வழி இருக்கு.

முதல்ல... இது என்ன சிஸ்டம்?

யுனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இயங்குதளம் ஓப்பன்பிஎஸ்டி. 1995-ல் நெட்பிஎஸ்டி-யிலிருந்து பிரிந்து, தியோ டி ராட் என்பவர் கனடாவின் கால்கரி நகரிலிருந்து தொடங்கினார். பாதுகாப்புதான் இதன் முதல் குறிக்கோள். சர்வர்களுக்குள் பத்திரமா நுழைய உலகம் முழுக்கப் பயன்படுத்துற ஓப்பன்எஸ்எஸ்எச் இந்தக் குழுவோட படைப்பு. உங்க ஆண்ட்ராய்டு போனுக்குள்ள இருக்கிற சி லைப்ரரியில்கூட ஓப்பன்பிஎஸ்டி-யிலிருந்து எடுத்த கோடு இருக்கு.

நம்ம ஊருக்கும் இந்த உலகம் புதுசு இல்லை. தமிழக அரசின் விலையில்லா லேப்டாப்களில், சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் இருந்தது ஞாபகம் இருக்கா? அது லினக்ஸ், இது பிஎஸ்டி. இரண்டும் பங்காளிகள்னு வச்சுக்கலாம். பரண்ல கிடக்குற அந்த லேப்டாப்பை எடுத்து ஓப்பன்பிஎஸ்டி போட்டுப் பழகுறவங்களும் உண்டு. எழுத்து வேலை, கோடிங் எல்லாம் ஓடும். பிரவுசர்தான் கொஞ்சம் திணறும்.

ஒரு குறிப்பு: கீழே வர்ற கமாண்டுகளை எழுத்துக்கூட்டிப் படிச்சு, ஆங்கிலச் சின்ன எழுத்தில் டைப் பண்ணுங்க. பெரிய எழுத்து வேணும்னா தனியா சொல்லியிருக்கோம். சிஸ்டத்தை மாத்துற கமாண்டுகளுக்கு முன்னாடி 'டுஆஸ்' (டி-ஓ-ஏ-எஸ்) சேர்க்கணும். அதை இன்னும் செட் பண்ணலைன்னா 'எஸ்யு' போட்டு ரூட்டா மாறிக்கங்க.

1. கரன்ட் போச்சு, பூட் ஆகலை

ஓப்பன்பிஎஸ்டி-யின் ஃபைல் சிஸ்டத்துல 'ஜர்னல்' கிடையாது. அதாவது, பாதியில அணைஞ்சா, எந்த வேலை பாதியில நின்னதுன்னு குறிச்சு வச்ச நோட்டு இருக்காது. அதனால அடுத்த முறை ஆன் பண்ணும்போது டிஸ்க் முழுக்க ஒரு தடவை சரிபார்க்கும். பெரிய டிஸ்க்னா பல நிமிஷம் ஆகலாம். இந்த நேரத்துல பொறுமை இழந்து பவர் பட்டனை அழுத்துறதுதான் நிறைய பேர் செய்ற தப்பு. காத்திருங்க.

தானா சரிபண்ண முடியலைன்னா, கையால சரிபார்க்கச் சொல்லிட்டு, எந்த ஷெல் வேணும்னு கேட்டு நிக்கும். என்டர் தட்டுங்க. இப்ப 'எஃப்-எஸ்-சி-கே' டைப் பண்ணி, ஒரு இடைவெளி விட்டு '-ஒய்' சேர்த்து என்டர் பண்ணுங்க. அது கேட்குற எல்லாக் கேள்விக்கும் 'ஆமாம்' சொல்லிடுறதுதான் இந்த -ஒய். முடிஞ்சதும் 'ரீபூட்'.

பெரும்பாலும் இதோட சரியாயிடும். பாதியில நின்ன ஃபைல்களின் மிச்சம், அந்தந்தப் பார்ட்டிஷன்ல 'லாஸ்ட்+ஃபவுண்ட்' ஃபோல்டர்ல நம்பர் பெயரோட கிடக்கலாம்.

ஒரே எச்சரிக்கை: திரையில டிஸ்க்கைப் படிக்க முடியலைன்னு திரும்பத் திரும்ப வந்தா, டிஸ்க்கே பழுதாகுதுன்னு அர்த்தம். அப்ப -ஒய் போடாதீங்க. முதல்ல முக்கியமான ஃபைல்களை வேற இடத்துக்கு காப்பி பண்ணுங்க. ரிப்பேர் அப்புறம்.

இந்த நிலைமையே வராம இருக்க ஒரு வழி உண்டு. பேட்டரி 10 சதவிகிதத்துக்கு இறங்கினா தானா ஹைபர்னேட் ஆகச் சொல்லலாம். 'ஆர்சிசிடிஎல் செட் ஏபிஎம்டி ஃபிளாக்ஸ் -ஏ -இசட் 10'. இதுல ஏ, இசட் ரெண்டும் பெரிய எழுத்து. அப்புறம் 'ஆர்சிசிடிஎல் எனேபிள் ஏபிஎம்டி', 'ஆர்சிசிடிஎல் ரீஸ்டார்ட் ஏபிஎம்டி'. உங்க லேப்டாப் ஹைபர்னேட்டிலிருந்து ஒழுங்கா எழுந்திரிக்குதான்னு வீட்டுலயே ஒரு தடவை சோதிச்சுப் பாருங்க.

2. வைஃபையே தெரியலை

இது புதுசா இன்ஸ்டால் பண்ணினவங்களுக்கு வர்ற முதல் தலைவலி. நிறைய வைஃபை சிப்களுக்கு ஃபர்ம்வேர் தனியா வேணும். உரிமப் பிரச்னையால அதை இன்ஸ்டாலரோட சேர்த்துத் தர முடியாது. இன்டர்நெட் வழியா இறக்கணும். இன்டர்நெட் வேணும்னா வைஃபை வேணும். கோழியா முட்டையா கதைதான்!

இங்கே உங்க ஸ்மார்ட்போன்தான் ஹீரோ. யுஎஸ்பி கேபிளில் போனை இணைச்சு, செட்டிங்ஸ்ல 'யுஎஸ்பி டெதரிங்' ஆன் பண்ணுங்க. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்கள் லேப்டாப்ல 'யுஆர்என்டிஐஎஸ்0' என்ற பெயரில் தெரியும். 'ஐஎஃப்கான்ஃபிக் யுஆர்என்டிஐஎஸ்0 ஐநெட் ஆட்டோகான்ஃப்'னு போட்டா நெட் வந்துடும். பிறகு 'எஃப்டபிள்யூ_அப்டேட்' கமாண்ட் உங்க சிப்புக்கான ஃபர்ம்வேரைத் தானே கண்டுபிடிச்சு இறக்கும். ஒரு ரீபூட், வைஃபை ரெடி.

போன் ஹோம்ஸ்டே வைஃபைல இருக்கும்போதே டெதரிங் பண்ணலாம். பல போன்களில் இது வேலை செய்யும். பெயர், நம்பர் கேட்குற லாகின் பக்கத்தையும் போன்லயே முடிச்சுடலாம். மன்னவனூர் மாதிரி டவர் விட்டு விட்டு வர்ற இடத்துல, சிக்னல் கிடைக்கிற ஜன்னலோரமா போனை வச்சுட்டு நீளமான கேபிள்ல இழுத்துக்கலாம்.

3. வைஃபை கனெக்ட் ஆகுது, நெட் வரலை

படிப்படியா போங்க. எந்தப் படியில நிக்குதோ, அங்கதான் பிரச்னை.

முதல் படி: 'ஐஎஃப்கான்ஃபிக்' போட்டு, வைஃபை வரியில 'ஆக்டிவ்' இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா பாஸ்வேர்டு தப்பு அல்லது சிக்னல் இல்லை.

இரண்டாவது: அதே இடத்துல 'ஐநெட்'னு ஆரம்பிச்சு ஓர் ஐபி முகவரி இருக்கா? இல்லைன்னா ரூட்டர் முகவரி தரலை. ரூட்டரை ஒருமுறை அணைச்சுப் போடச் சொல்லுங்க.

மூன்றாவது: 'பிங் 9.9.9.9' போடுங்க. பதில் வந்தா நெட் இருக்கு.

நான்காவது: ஏதாவது ஒரு தளத்தின் பெயரைப் போட்டு பிங் பண்ணுங்க. நம்பருக்குப் பதில் வந்து, பெயருக்கு வரலைன்னா டிஎன்எஸ் பிரச்னை. நீங்க டிஎன்எஸ்-ஐ கையால மாத்தி வச்சிருந்தா, லாகின் பக்கம் கேட்குற வைஃபைகளில் அதுவே தடையா நிக்கும். தற்காலிகமா பழையபடி மாத்துங்க.

4. எல்லாத் தளமும் 'பாதுகாப்பு இல்லை'ன்னு சொல்லுது

பழைய லேப்டாப்ல போர்டு மேல இருக்கிற பட்டன் செல் தீர்ந்திருந்தா, ஒவ்வொரு முறையும் கடிகாரம் பல வருஷம் பின்னால போயிடும். தளங்களின் சான்றிதழுக்குத் தேதி உண்டு. கடிகாரம் தப்புன்னா பிரவுசர் எல்லாத்தையும் சந்தேகப்படும். 'டேட்' போட்டுப் பாருங்க. தப்பா இருந்தா, ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடத்தை ஒட்டி எழுதுங்க. 2026 மே 3, காலை 9.30-ன்னா, 'டேட் 202605030930'. ஊருக்கு வந்ததும் செல்லை மாத்திடுங்க. சின்னச் செலவுதான்.

5. மீட்டிங்ல உங்க குரல் கேட்கலை, முகம் தெரியலை

இது கோளாறு இல்லை. வேணும்னே பூட்டி வச்சிருக்காங்க. உங்களுக்குத் தெரியாம எந்த ஆப்பும் ஒட்டுக்கேட்கக் கூடாதுன்னு, மைக் திறந்திருந்தாலும் வெறும் மௌனத்தைத்தான் சிஸ்டம் பதிவு பண்ணும். கேமராவும் அப்படித்தான்.

'சிஸ்சிடிஎல் கெர்ன்.ஆடியோ.ரெக்கார்ட்=1' போட்டா மைக் திறக்கும். 'கெர்ன்.வீடியோ.ரெக்கார்ட்=1' போட்டா கேமரா. கேமரா இன்னும் வரலைன்னா, அந்த டிவைஸ் ஃபைலைத் தொட உங்க யூஸருக்கு அனுமதி இருக்கான்னு பாருங்க. மீட்டிங் முடிஞ்சதும் ரெண்டையும் 0 ஆக்கிடுங்க.

புளூடூத் ஹெட்செட்டைத் தேடாதீங்க. 2014-லயே புளூடூத் கோடை இதிலிருந்து எடுத்துட்டாங்க. ஒயர் ஹெட்போனைப் பையில போட்டுக்கங்க.

6. ஃபைல் அட்டாச் பண்ணப் போனா ஃபோல்டரே காலி

உங்க ஃபைல் எங்கேயும் போகலை. ஃபயர்ஃபாக்ஸ், குரோமியம் ரெண்டையும் ஓப்பன்பிஎஸ்டி ஒரு கூண்டுக்குள்ள வச்சிருக்கு. அதுங்க கண்ணுக்கு உங்க 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டர் தெரியும். மற்ற ஃபோல்டர்கள் தெரியாது. மோசமான ஒரு தளம் பிரவுசரையே கைப்பற்றினாலும், உங்க ஆதார் ஸ்கேனையோ குடும்ப போட்டோவையோ அதால எட்டிப் பார்க்க முடியாது. அனுப்ப வேண்டிய ஃபைலை டவுன்லோட்ஸுக்கு காப்பி பண்ணி, அங்கிருந்து அட்டாச் பண்ணுங்க.

7. பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகலை

லைப்ரரி இல்லைன்னு திட்டினா, பெரும்பாலும் உங்க வெர்ஷன் பழசு. ஆறு மாசத்துக்கு ஒரு முறை புது வெர்ஷன் வரும். கடைசி இரண்டு வெர்ஷன்களுக்குத்தான் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். சின்னத் திருத்தத்துக்கு 'சிஸ்பேட்ச்', புது வெர்ஷனுக்கு 'சிஸ்அப்கிரேட்', அதுக்கப்புறம் பேக்கேஜ்களுக்கு 'பிகேஜி_ஆட் -யு'.

ஆனா இதையெல்லாம் மலை ஏறுறதுக்கு முன்னாடியே, நல்ல நெட்டும் கரன்ட்டும் இருக்கிற வீட்டுல முடிச்சுடுங்க. மழை நாள்ல மலை மேல உட்கார்ந்து அப்கிரேட் பண்றது வேண்டாத வேலை.

8. பாஸ்வேர்டு மறந்துபோச்சு

இதுல ரெண்டு விதம் உண்டு. ரூட் பாஸ்வேர்டு மறந்தா மீட்கலாம். பூட் திரையில 'பூட் -எஸ்' கொடுத்து உள்ளே போய், 'மவுன்ட் -யுடபிள்யூ /', 'மவுன்ட் /யுஎஸ்ஆர்' போட்டு, 'பாஸ்டபிள்யூடி' மூலம் புதுசு வைக்கலாம்.

யோசிச்சுப் பாருங்க, உங்களால முடியும்னா, உங்க லேப்டாப்பை எடுத்துட்டுப் போனவங்களாலயும் முடியும். அதனாலதான் டிஸ்க்கையே என்கிரிப்ட் பண்ணி வைக்கணும்னு சொல்றது.

ஆனா அந்த என்கிரிப்ஷன் பாஸ்வேர்டு மறந்தா, அவ்வளவுதான். 'ஃபர்காட் பாஸ்வேர்டு' பட்டன் கிடையாது. ஓடிபி வராது. எழுதினவங்களாலயும் திறக்க முடியாது. கேப்ஸ் லாக் ஆன்ல இருக்கான்னு பாருங்க. பூட் நேரத்துல கீபோர்டு அமெரிக்க அமைப்புலதான் இருக்கும். நீங்க வேற அமைப்புல பழகியிருந்தா, சில குறியீடுகள் இடம் மாறியிருக்கும். அதுவும் இல்லைன்னா, உங்களைக் காப்பாத்தப்போறது பேக்கப் மட்டும்தான்.

எதுவுமே புரியலைன்னா?

'டிமெஸ்ஜி' (டி-எம்-இ-எஸ்-ஜி) போடுங்க. பூட் ஆனதிலிருந்து ஹார்டுவேர் சொன்னதெல்லாம் அதுல இருக்கும். அடுத்து 'வார்' ஃபோல்டருக்குள் 'லாக்', அதற்குள் 'மெசேஜஸ்' ஃபைல். கடைசிப் பத்து வரியிலயே பாதி விடை கிடைச்சுடும். அந்தத் திரையை போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க. யார்கிட்டயாவது கேட்கும்போது 'என்னமோ எர்ரர் வந்துச்சு'ன்னு சொல்றதைவிட அது பல மடங்கு உதவும்.

நெட்டே இல்லைன்னாலும் கவலை இல்லை. ஓப்பன்பிஎஸ்டி-யின் கையேடு முழுக்க லேப்டாப்லயே இருக்கு. 'மேன்'னு போட்டு, இடைவெளி விட்டு கமாண்ட் பெயரைக் கொடுத்தா விளக்கம் வரும். புதுசா வந்தவங்களுக்காகவே 'மேன் ஆஃப்டர்பூட்'னு ஒரு பக்கம் எழுதி வச்சிருக்காங்க. மேகம் இறங்கி வெளியே போக முடியாத ஒரு சாயங்காலம், ஒரு கட்டன் சாயாவோட அதைப் படிச்சு முடிச்சுடலாம்.

கிளம்புறதுக்கு முன்னாடி பையில என்னென்ன?

* யுஎஸ்பி கேபிள், ஒயர் ஹெட்போன்
* பேக்கப் எடுத்த ஒரு டிஸ்க். அதை லேப்டாப் பையில வைக்காம, வேற பையில வைங்க
* ஓப்பன்பிஎஸ்டி இன்ஸ்டாலர் போட்ட பென் டிரைவ். சிஸ்டம் சுத்தமா படுத்துட்டா, இதுல பூட் பண்ணி 'எஸ்' அழுத்தினா ஒரு ஷெல் கிடைக்கும்
* ஹோம்ஸ்டே ஓனரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டிய ரெண்டு கேள்வி: 'இன்வெர்ட்டர் இருக்காண்ணே? எந்த நெட்வொர்க் டவர் எடுக்கும்?'

இன்னொண்ணு, குளிர்ல வெளியே இருந்த லேப்டாப்பை, ஹீட்டர் ஓடுற ரூமுக்குள்ள வந்ததும் உடனே ஆன் பண்ணாதீங்க. உள்ளே ஈரம் கோக்கும். பையிலேயே அரை மணி நேரம் இருக்கட்டும். அதுவரைக்கும் நீங்க வெளியே போய் ஏரியைப் பார்த்துட்டு வாங்க.