ஒன்றரைச் சேர்

முலுண்டையும் ஐரோலியையும் இணைக்கும் பாலம் 1999-ஆம் ஆண்டில் திறக்கப்படுவதற்கு முன்னர், மும்பையின் பழைய தமிழ்ப் பேட்டைகளாகிய மாட்டுங்காவையும் தாராவியையும் செம்பூரையும் விட்டுத் தாணேக் கழிக்கு இக்கரையில் ஐரோலியில் குடியேறிய எங்களைப் போன்றவர்கள், உற்றார் வீட்டு விசேஷம் ஒன்றுக்குப் போய்வர வேண்டுமானால், வடக்கே தாணேயைச் சுற்றியோ தெற்கே வாஷிப் பாலத்தின் வழியாகவோ அரைநாளைச் செலவிட்டே தீர வேண்டியிருந்தது. அன்று தாணே–பேலாப்பூர்ச் சாலையின் இருமருங்கும் ஆலைகளே நின்றன. அவற்றுள் ஒன்றின் டூல் ரூமில் அரமும் மைக்ரோமீட்டருமாக முப்பது வருஷ காலம் ஜீவனம் நடத்தியவன் நான். துப்பாக்கியைக் கையால் தொட்டறியாத எனக்கு அதன் எடையைப் பற்றிய சரித்திரத்தில் சிரத்தை உண்டானது, சென்ற ஆண்டு ஆடி மாதத்து மழைநாள் ஒன்றில்தான்.

எங்கள் அடுக்ககத்தில் மூன்றாம் மாடியில் வசிப்பவர் திருநெல்வேலிப் பக்கத்தவர். தாராவியில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய மகள் கல்லூரியில் படித்துக்கொண்டே 25 மீட்டர்ப் பிஸ்டல் போட்டியில் பயிற்சி பெறுகிறாள். அன்று மாலை அவர் கதவைத் தட்டி, “அண்ணாச்சி, ஆயிரத்து நானூத்தி மூணு காட்டுது. மே மாசம் இதே பிஸ்டல் ஆயிரத்து முந்நூத்தித் தொண்ணூத்தஞ்சுதான். புதுசா ஒரு திருகு கூட மாட்டல. அந்த எட்டு கிராம் எங்கிருந்து வந்துச்சு?” என்று கேட்டார். அவருக்குப் பின்னால் நின்ற பெண், “ரூல் ஆயிரத்து நானூறுதான் தாத்தா. அதுக்கு மேல ஒரு கிராம் இருந்தாலும் மேசையிலேயே திருப்பி அனுப்பிடுவாங்க” என்றாள்.

ஆயிரத்து நானூறு கிராம் என்பதைக் கேட்டவுடன் என் மனம் பழைய நிறைக் கணக்குக்குப் போயிற்று. எண்பது தோலா ஒரு சேர் என்ற கணக்கில், தோலா ஒன்றுக்குப் பதினொன்றரைக் கிராமுக்குச் சற்று மேலாகக் கொண்டு வகுத்துப் பார்த்தால், 1,400 கிராம் என்பது 120 தோலா, அதாவது ஒன்றரைச் சேர். அக்காலத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு வேளைக்கு அளந்து போட்ட அரிசியின் பாரம் அது. அதை ஒற்றைக் கையில் ஏந்தி, முழங்கை மடங்காமல் நீட்டி, போட்டியின் விரைவுப் பகுதியில் இலக்கு முகம் காட்டும் மூன்றே விநாடிகளில் உயர்த்திச் சுட்டு மீண்டும் தாழ்த்த வேண்டும். அவ்வாறு முப்பது முறை. முப்பது முறையையும் கூட்டினால் 42 கிலோ ஆகிறது. அவ்வளவு பாரத்தை ஒரு பெண்ணின் தோள் சுமக்கையில், அதைக் குறைக்கவன்றோ எல்லாரும் விரும்புவர், எடையைக் கூட்டிக்கொள்ளாதபடி தடுக்க ஒரு விதி எதற்கு என்று நான் முதலில் மயங்கினேன்.

மயக்கத்தைத் தெளிவித்தவள் அந்தப் பெண்தான். பாரம் மிகுந்த பிஸ்டல் கையில் நடுங்குவது குறைவு. தோட்டா வெளிப்படும் கணத்தில் குழலின் முனை மேலே துள்ளுவதும் குறைவு. ஆதலால் தோள்வலு உள்ளவன் ஈயத்தையும் எஃகையும் சேர்த்துச் சேர்த்து, அப்பியாசத்தால் வரவேண்டிய நிதானத்தை உலோகத்தால் பெற்றுவிடக் கூடும். அதைத் தடுக்கவே உச்சவரம்பு ஏற்பட்டது. இன்றைய பிஸ்டல்கள் பலவும் தயாரிப்பாளரிடமிருந்து வருகையில் வரம்புக்கு வெகு கீழேயே நிற்கின்றன. குழலடியில் சிறு சிறு எடைக்கட்டிகளை மாட்டி வரம்பின் விளிம்புவரை கொண்டுபோவது சுடுபவர்களின் வழக்கம். விளிம்பில் நிற்பவனுக்கே எடை குறைக்கும் கவலை.

சாதனத்தைச் சோதித்து விலக்கும் சம்பிரதாயம் நவீன ஒலிம்பிக்கின் முதல் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. 1896-இல் ஏதென்ஸ் நகருக்கு வந்த அமெரிக்கச் சகோதரர்களான ஜான் பெய்னும் சம்னர் பெய்னும் ஆளுக்கொரு பிஸ்டல் போட்டியில் வென்றார்கள். ஆனால் விரைவுப் போட்டியில், அவர்களுடைய துப்பாக்கிகள் வழக்கமான குழல்விட்டம் உடையவையல்ல என்று நடுவர்கள் விலக்கிவிட்டார்கள். அப்போட்டியில் கிரேக்கரான இயோவானிஸ் பிரங்கூதிஸ் வெற்றி பெற்றார். அன்று தராசு மேசைக்கு வரவில்லை. ஆயினும் ‘எவன் சுட்டான்’ என்பதோடு ‘எதனால் சுட்டான்’ என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி என்பது அன்றே நிர்ணயமாயிற்று.

அதன்பின் அறுபது ஆண்டுகள் கழித்து, 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில், சோவியத் வீரர்கள் ஒரு விநோதமான பிஸ்டலோடு வந்தார்கள். குழல் கைக்கு மேலே இராமல் கையின் நேர்கோட்டிலேயே அமையும்படி தலைகீழாகச் செய்யப்பட்ட சாதனம் அது. துள்ளல் நேரே பின்னோக்கிக் கைக்குள் இறங்குமே அன்றி முனையை மேலே தூக்காது. அதைக் கொண்டு அவர்களுள் ஒருவரான செர்காசோவ் வெள்ளிப் பதக்கம் பெற்றார். ருமானியரான பெட்ரெஸ்கு தங்கம் வென்றார். தோல்வியுற்ற சாதனமே ஆயினும் சர்வதேசத் துப்பாக்கி சுடும் சங்கத்தார் அதன் உட்பொருளை உணர்ந்து, அவ்வகை அமைப்புக்கு இடமில்லாமல் செய்தார்கள். 25 மீட்டர்ப் பிஸ்டல் 300 மில்லிமீட்டர் நீளமும் 150 உயரமும் 50 அகலமும் உள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்னும் பிரமாணம் இன்றளவும் நிலைத்திருக்கிறது. அப்பெட்டியும் தராசும் விசையின் இழுப்பை அளக்கும் எடைக்கட்டியும் ஆகிய மூன்றுமே சோதனை மேசையின் தேவதைகள் என்று சொல்லலாம்.

ஒவ்வொரு போட்டிக்கும் தராசில் வேறு வேறு கோடு. பத்து மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு 1,500 கிராம். 25 மீட்டருக்கு 1,400 கிராம். ஐம்பது மீட்டர் ‘ஃப்ரீ பிஸ்டல்’ என்பதற்கோ எடைக்கட்டுப்பாடே இல்லை. தென்கொரியாவின் ஜின் ஜோங்-ஓ 2008, 2012, 2016 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளிலும் தங்கம் பெற்ற அப்போட்டி, 2016-க்குப் பின் ஒலிம்பிக்கினின்றும் நீக்கப்பட்டது. சுதந்திரமான சாதனத்துக்கு இருந்த கடைசி இடமும் அதோடு போயிற்று என்பதில் எனக்கு வருத்தமே.

எடைக் குறைப்பின் சரித்திரத்தில் மிகக் கடினமான அத்தியாயம் ரேபிட் ஃபயர் பிஸ்டலுடையது. எட்டு, ஆறு, நான்கு விநாடிகளுக்குள் வரிசையாக நிற்கும் ஐந்து இலக்குகளையும் சுட வேண்டிய அப்போட்டியில், 2004 வரையில் .22 ஷார்ட் என்னும் சிறு தோட்டாவும் 1,260 கிராம் வரம்பும் இருந்தன. தோலாக் கணக்கில் அது 108, ஜபமாலையின் மணிக்கணக்கு. ஜெர்மனியின் ரால்ஃப் ஷூமன் 1992, 1996, 2004 ஆகிய ஆண்டுகளில் தங்கம் வென்றது அந்த இலகுவான சாதனங்களைக் கொண்டுதான். 2005-இல் விதி மாறி, .22 லாங் ரைஃபிள் தோட்டாவும் ஒரு கிலோ விசை இழுப்பும் 1,400 கிராம் வரம்பும் வந்தவுடன், பல்லாண்டுப் பிரயாசையால் இழைத்து இழைத்து இலகுவாக்கப்பட்ட அப்பிஸ்டல்கள் ஒரே நாளில் அலமாரிப் பொருள்களாயின. செல்வம் மிக்க நாட்டான் மறுமாதமே புதியதை வாங்கிக்கொண்டான். வெளிநாட்டிலிருந்து தருவித்த ஒற்றைச் சாதனத்தையே வாழ்நாள் முதலீடாகக் கொண்ட நம் நாட்டு வீரனுக்கு அது எவ்வளவு பெரிய இடி! விதிகளை மாற்றுகிறவர்கள் அவனை நினைத்து நெடிய அவகாசம் தர வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஆயினும் புதிய விதியின்கீழ், 2012-இல் லண்டனில், நம் ராணுவத்தைச் சேர்ந்த விஜய் குமார் அதே போட்டியில் வெள்ளி பெற்றார் என்பதை நன்றியோடு நினைக்க வேண்டும்.

நம் தேசத்தில் இவ்விளையாட்டுக்கு ஒரு ஸ்தாபன வடிவம் தந்தது 1951-இல் தோன்றிய தேசிய ரைஃபிள் சங்கம். மக்களவையின் முதல் சபாநாயகர் கணேஷ் வாசுதேவ் மாவ்லங்கர் அதன் முதல் தலைவர். மும்பையில் வர்லிக் கடற்கரையோரத்தில் மகாராஷ்டிர ரைஃபிள் சங்கத்தின் சுடுதளம் இருக்கிறது. ரைஃபிள் வீராங்கனை அஞ்சலி பாகவத் பயின்ற இடம் அது. மும்பைக்காரரான அசோக் பண்டிட் 1990-இல் ஆக்லாந்து காமன்வெல்த் போட்டியில் சென்டர் ஃபயர் பிஸ்டலில் தங்கம் வென்றார். அவ்வாண்டு இந்தியா பெற்ற 13 தங்கங்களில் பன்னிரண்டு பளுதூக்குதலில் வந்தவை, மிஞ்சிய ஒன்று அவருடையது. பாரம் தூக்கியவர்களின் நடுவே பாரத்துக்கு வரம்பு கட்டிய போட்டியில் ஒருவர் தனித்து வென்றார் என்பது என் மனத்தை விட்டு அகலாத செய்தி. தமிழ்நாட்டு ஸ்ரீ நிவேதா பரமானந்தம், 2021-இல் தில்லி உலகக் கோப்பையில் மனு பாக்கரோடும் யஷஸ்வினி தேஸ்வாலோடும் சேர்ந்து பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் குழுப் போட்டியில் தங்கம் பெற்றார்.

அமெரிக்காவில் வேறொரு மரபு வளர்ந்தது. 1976-இல் மிசௌரி மாநிலத்துக் கொலம்பியா நகரில் ஜெஃப் கூப்பரைத் தலைவராகக் கொண்டு உருவான பிராக்டிகல் ஷூட்டிங் சங்கத்தின் வழியில், சாதனங்கள் ‘டிவிஷன்’ என்னும் பிரிவுகளாக வகுக்கப்பட்டு, சில பிரிவுகளுக்கு எடைவரம்பும் விதிக்கப்பட்டது. அந்நாட்டுக் கிளையில், பார்வைக்கண்ணாடி பொருத்திய பிஸ்டல்களுக்கான ஒரு பிரிவின் வரம்பு 45 அவுன்ஸாக இருந்து பின்னர் 59 ஆக உயர்ந்தது. கடைச்சரக்காக வாங்கிய பிஸ்டல் ஓர் அவுன்ஸ் மிகுந்துவிட்டால், பித்தளைத் தகடுகளைக் கழற்றி அலுமினியமோ பிளாஸ்டிக்கோ மாட்டுவதும், அனுமதி உள்ள பிரிவுகளில் மேற்சட்டத்தில் சாளரம் போல் வெட்டுவதும் அங்கே சாதாரணத் தொழில். இங்கே அந்த வழி அடைபட்டது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைச் செய்யவோ மாற்றவோ பழுதுபார்க்கவோ உரிமம் வேண்டும். குழலைக் குறைக்கவும் தனி உரிமம் வேண்டும். இச்சட்டம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். ஆகவே ஐரோலியில் ஓய்வுபெற்ற ஒரு டூல் ரூம் தொழிலாளி தன் அரத்தை வைக்கத்தக்க இடம் அப்பிஸ்டலில் ஒன்றே ஒன்று, மரக் கைப்பிடி.

நல்லவேளையாக எட்டு கிராமும் வந்து புகுந்திருந்த இடமும் அதுவே. அந்தக் கைப்பிடி வால்நட் மரத்தால் ஆனது. உள்ளங்கையின் வடிவுக்குப் பொருந்தும்படி பெண்ணே மரமக்குப் பூசித் தேய்த்திருந்தாள். தேய்த்த இடங்களில் பழைய எண்ணெய்ப் பூச்சு போய் மரம் வெறுமையாக நின்றது. ஆனி பிறந்தது முதல் ஓயாமல் பெய்த மழையில், துணியே உலராத எங்கள் வீடுகளில், அந்த மரம் காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பியிருந்தது. “மழைதான் அம்மா உன் பிஸ்டலில் ஏறி உட்கார்ந்திருக்கிறது” என்றேன்.

கைப்பிடியை மட்டும் கழற்றி, சிலிக்கா பொட்டலங்களோடு எவர்சில்வர் டப்பாவில் மூன்று நாள் மூடி வைத்தோம். மீண்டும் பூட்டி நிறுத்தபோது 1,399. வரம்புக்குள் வந்தாலும் ஒரு கிராம் இடைவெளியை நம்பிப் போட்டிக்குப் போகலாகாது. போட்டி முடிந்த பின்னும் சிலரை அழைத்து மறுபடி நிறுப்பார்கள், அங்கே மிகுந்தால் எடுத்த புள்ளிகள் அனைத்தும் போய்விடும். குழலடி எடைக்கட்டி ஒன்றைக் கழற்றிவிடலாமே என்றார் தகப்பனார். பெண் ஒப்பவில்லை, முனையில் பத்து கிராம் போனாலும் கைக்குப் பழகிய சமநிலை போய்விடும் என்றாள். அவள் சொன்னதே சரி. பிறகு அவள் உள்ளங்கையில் சாக்பொடியைத் தடவிக் கைப்பிடியைப் பற்றச் சொன்னேன். வெள்ளை படிந்த இடங்கள் அவளுடையவை, தொடலாகாது. படியாத இடங்களும் சட்டத்தை ஒட்டிய உட்குழிவும் என்னுடையவை. அரைவட்ட அரத்தால் உட்புறத்தை ஒரு மணி நேரம் சுரண்டினேன். செய்தித்தாளில் சேர்ந்த பழுப்புத் தூளை நிறுத்துப் பார்த்தோம். ஆறு கிராம், அரைத் தோலா. பொன்வேலை செய்பவர் அரத்தூளைச் சேமித்து வைப்பார். நாங்கள் துளசித் தொட்டியில் கொட்டினோம். ஆளிவிதை எண்ணெயை மெல்லப் பூசி உலர்த்தியதும் ஒரு கிராம் ஏறி, 1,394-இல் நின்றது. புரட்டாசியில் சோதனை மேசையிலும் அதுவே காட்டியது.

பிள்ளைகளை இவ்விளையாட்டுக்கு அனுப்பும் பெற்றோர் இதைப் படிக்க நேர்ந்தால் ஒன்று செய்யுங்கள். மழைக்காலத்துக்கு முன் ஒரு முறையும் நடுவில் ஒரு முறையும், சமையலறைத் தராசை நம்பாமல் சுடுதளத்துத் தராசிலேயே சாதனத்தை நிறுத்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வரம்புக்கு ஐந்து கிராமாவது கீழே இருக்கட்டும்.